லேப்டாப்புக்குள் ஒரு சின்ன கார்டு: மாற்றும் உரிமை யாருடையது?

ஒரு லேப்டாப்பின் அடிமூடியைக் கழற்றினால், உள்ளே தீப்பெட்டியைவிடச் சின்னதாக ஓர் அட்டை கண்ணில் படும். அதன் ஓரத்தில் இரண்டு மெல்லிய வயர்கள் சட்டைப் பித்தான் மாதிரி அழுத்தி மாட்டப்பட்டிருக்கும். அதுதான் வயர்லெஸ் கார்டு. வைஃபை, புளூடூத் இரண்டுமே பெரும்பாலும் இந்த ஒரே அட்டையின் வேலை. அதைப் பிடித்திருப்பது ஒரே ஒரு திருகு. வயர்களை விடுவித்து, திருகைக் கழற்றி, பழைய கார்டை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகினால், பழைய லேப்டாப்புக்குப் புது வேகம் கிடைத்துவிடும். மொத்தமே பத்து நிமிட வேலை!

ஆனால் எல்லா லேப்டாப்பிலும் இது நடக்காது. சில லேப்டாப்புகள் புது கார்டைப் பார்த்ததும் "இது அனுமதிக்கப்படாத கார்டு" என்று சொல்லிவிட்டு, இயங்கவே மறுத்த காலம் ஒன்று இருந்தது. வேறு சிலவற்றில் கார்டு சரியாகப் பொருந்தும், ஆனால் வேலை செய்யாது. இன்னும் சிலவற்றில் கழற்றுவதற்குக் கார்டே இருக்காது. எல்லாம் மதர்போர்டோடு ஒட்டியிருக்கும்.

ஏன் இப்படி? ஒவ்வொரு முறையும் ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்லப்பட்டது. அந்தக் காரணங்களில் உண்மையும் இருந்தது. ஆனால் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், காசு கொடுத்து வாங்கியவரின் கையிலிருந்து ஒரு சின்ன உரிமை மெல்ல மெல்ல நழுவிப் போனது தெரியும். அந்தக் கதையை முதலிலிருந்து பார்ப்போம்.

கல்லாப்பெட்டிக்காகப் பிறந்தது

வைஃபையின் பிறப்பிடம் கணினி ஆய்வகம் என்றுதான் பலரும் நினைப்பார்கள். உண்மையில் அதன் வேர் ஒரு கடையின் கல்லாப்பெட்டியில் இருக்கிறது.

1985-இல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. ஒரு முக்கியமான முடிவை எடுத்தது. 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று அலைவரிசைப் பகுதிகளை, சில நிபந்தனைகளோடு, உரிமம் வாங்காமலே யாரும் தகவல் தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இதற்குப் பின்னால் இருந்து உழைத்தவர் அந்த ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்கஸ். இந்தப் பகுதிகள் அதுவரை மைக்ரோவேவ் அடுப்பு போன்ற சாதனங்களின் இரைச்சலுக்கு ஒதுக்கப்பட்டிருந்தவை. யாருக்கும் பெரிதாக வேண்டாத புறம்போக்கு நிலம் என்று சொல்லலாம்.

அந்தப் புறம்போக்கைப் பயன்படுத்த வந்தவர்களில் முக்கியமானது என்சிஆர் நிறுவனம். கல்லாப்பெட்டி இயந்திரம் செய்தே பெயர் வாங்கிய நிறுவனம் அது. பெயரிலேயே கல்லாப்பெட்டி உண்டு. பெரிய அங்காடிகளில் பில்லிங் கவுண்டர்களை அடிக்கடி இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு முறையும் தரையைத் தோண்டி வயர் போட வேண்டும். வயரே இல்லாமல் கவுண்டர்களை இணைத்துவிட்டால்? என்சிஆரின் நெதர்லாந்து பொறியியல் மையம் இந்தக் கேள்வியில் இறங்கியது. அங்கிருந்து வந்ததுதான் ‘வேவ்லேன்’. நொடிக்கு 2 மெகாபிட் வேகம் கொண்ட இந்தச் சாதனம் 1990-களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்தது.

ஆனால் ஒரு நிறுவனத்தின் கார்டு இன்னொரு நிறுவனத்தின் கார்டோடு பேசாவிட்டால் சந்தை வளராது. அதனால் ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பில் 802.11 என்ற எண் கொண்ட குழு உருவானது. அதன் தலைவர் அதே நெதர்லாந்து மையத்தைச் சேர்ந்த விக் ஹேய்ஸ். 1990-இல் தொடங்கிய வேலை முடிந்து, முதல் தரநிலை வெளிவர 1997 ஆகிவிட்டது. வேகம் நொடிக்கு 1 அல்லது 2 மெகாபிட். இரண்டே வருடத்தில், 1999-இல், 11 மெகாபிட் தரும் 802.11பி வந்தது. ‘வைஃபை’ என்ற பெயரும் அந்தச் சமயத்தில் ஒரு விளம்பரப் பெயர் நிறுவனம் வைத்துக் கொடுத்ததுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வளர்ச்சிக்கு அடிப்படை இரண்டு திறந்த கதவுகள். ஒன்று, உரிமம் வேண்டாத அலைவரிசை. இன்னொன்று, எல்லோருக்கும் பொதுவான தரநிலை. கார்டின் கதை இதற்கு நேர்மாறான திசையில் போனதுதான் வேடிக்கை.

பக்கவாட்டில் ஒரு வாசல்

1990-களில் லேப்டாப்பில் வயர்லெஸ் வசதி உள்ளே இருக்காது. ஆனால் பக்கவாட்டில் ஒரு நீளமான பிளவு இருக்கும். ஏடிஎம் கார்டு அளவில், அதைவிடத் தடிமனான ஒரு கார்டை அதில் செருகலாம். பிசிஎம்சிஐஏ என்ற வாயில் நுழையாத பெயர் கொண்ட அமைப்பு 1989-இல் உருவாகி இந்த வடிவத்தைத் தரப்படுத்தியது. இந்தப் பெயரை யாராலும் நினைவில் வைக்க முடியவில்லை என்று கேலி செய்த காலமும் உண்டு. பிறகு ‘பிசி கார்டு’ என்று சுருக்கமாக அழைத்தார்கள்.

பரவலாக இருந்த வகையின் தடிமன் 5 மில்லிமீட்டர். மோடம், நெட்வொர்க், மெமரி என்று எது வேண்டுமோ அதைச் செருகிக் கொள்ளலாம். வயர்லெஸ் கார்டும் அதில் ஒன்று. கார்டின் ஒரு முனை லேப்டாப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த முனைக்குள்தான் ஆன்டெனா இருக்கும்.

பார்க்க அழகில்லைதான். பையில் வைக்கும்போது இடித்து உடையும். ஆனால் வாங்குபவரின் பக்கமிருந்து பார்த்தால் இதைவிட நல்ல ஏற்பாடு வேறில்லை. எந்த நிறுவனத்தின் கார்டையும் எந்த நிறுவனத்தின் லேப்டாப்பிலும் செருகலாம். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், யார் அனுமதியும் வேண்டாம். வேகமான கார்டு வந்தால் பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருகினால் முடிந்தது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. இந்தக் கார்டில் ரேடியோவும் ஆன்டெனாவும் ஒன்றாகவே இருந்தன. அதாவது கார்டு தனியாகவே ஒரு முழுமையான சாதனம். அரசிடம் சான்று வாங்க வேண்டியதும் அந்தக் கார்டு மட்டும்தான். பின்னால் வரும் சண்டைக்கு இந்த விவரம் முக்கியம்.

கீபோர்டுக்கு அடியில்

1999 ஜூலை 21. நியூயார்க்கில் நடந்த மேக்வேர்ல்டு மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் ‘ஐபுக்’ என்ற லேப்டாப்பை அறிமுகம் செய்தார். இணையத்தில் உலாவிக்கொண்டே லேப்டாப்பைக் கையில் தூக்கி நடந்தார். எந்த வயரும் இல்லை என்று காட்ட ஒரு வளையத்துக்குள் அதை நுழைத்துக் காட்டினார், மந்திரவாதி மாதிரி! கூடவே ஆப்பிளின் ஃபில் ஷில்லர் உயரமான மேடையிலிருந்து ஐபுக்கைக் கையில் பிடித்தபடி கீழே குதித்தார்.

அந்த வசதியின் பெயர் ‘ஏர்போர்ட்’. உள்ளே இருந்தது லூசென்ட் தயாரித்த கார்டு, அதாவது என்சிஆரின் வேவ்லேன் குடும்பத்தின் வாரிசு. கார்டின் விலை 99 டாலர். வீட்டில் வைக்கும் பேஸ் ஸ்டேஷன் 299 டாலர். லேப்டாப்பின் விலை 1,599 டாலர் என்றிருந்த நிலையில் கார்டு தனியாக விற்கப்பட்டது. வேண்டியவர்கள் வாங்கி, கீபோர்டைத் தூக்கி, அதன் அடியில் தாங்களே செருகிக் கொள்ளலாம்.

அழகு கூடியது, நீட்டிக்கொண்டிருந்த முனை மறைந்தது. எப்படி என்றால், ஆன்டெனாவைக் கார்டிலிருந்து பிரித்து லேப்டாப்பின் உடலுக்குள் முன்கூட்டியே வைத்துவிட்டார்கள். இது நல்ல பொறியியல். ஆனால் அன்றிலிருந்து கார்டு தனியாக ஒரு முழு சாதனம் இல்லை. பாதி கார்டில், பாதி லேப்டாப்பில்.

இதன் முதல் கசப்பு சில வருடங்களில் தெரிந்தது. அந்தக் காலத்து வைஃபை பாதுகாப்புக்கு டபிள்யூ.ஈ.பி. என்று பெயர். 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அதன் அடிப்படையிலேயே பலவீனம் இருப்பதைக் காட்டினார்கள். அவசரத் தீர்வாக 2003-இல் டபிள்யூ.பி.ஏ. வந்தது. பழைய கார்டுகளையே மென்பொருள் மாற்றத்தால் காப்பாற்ற வேண்டும் என்று திட்டமிட்டு வடிவமைத்த தீர்வு அது. அடுத்து 2004-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.2 வலுவானது, ஆனால் பழைய கார்டுகள் பலவற்றின் வன்பொருளால் அதைத் தாங்க முடியவில்லை. முதல் ஏர்போர்ட் கார்டும் அதில் ஒன்று. ஆப்பிளின் அடுத்த தலைமுறைக் கார்டான ஏர்போர்ட் எக்ஸ்ட்ரீமோ பழைய இடத்தில் பொருந்தாது.

அதாவது, கார்டை மாற்றுவது என்பது வெறும் வேகத்துக்கான ஆசை மட்டும் இல்லை. பூட்டு உடைந்துபோன வீட்டுக்குப் புதுப் பூட்டு போடுவது மாதிரியான தேவை அது.

300 மில்லியன் டாலர் விளம்பரம்

வைஃபையை லேப்டாப்பின் கட்டாய உறுப்பாக மாற்றியது இன்டெல். 2003 மார்ச் 12 அன்று ‘சென்ட்ரினோ’ என்ற பெயர் அறிமுகமானது. அது ஒரு சிப்பின் பெயர் இல்லை, ஒரு தொகுப்பின் பெயர். பென்டியம் எம் பிராசஸர், இன்டெல் சிப்செட், இன்டெல் வயர்லெஸ் கார்டு என மூன்றும் இருந்தால்தான் லேப்டாப்பில் சென்ட்ரினோ ஸ்டிக்கர் ஒட்டலாம். விளம்பரத்துக்கு இன்டெல் ஒதுக்கிய தொகை 300 மில்லியன் டாலர்!

வணிகவியல் பாடத்தில் ‘பண்ட்லிங்’ என்று படிப்போமே, அதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். பிராசஸரில் இன்டெலுக்குப் பலம் இருந்தது. வயர்லெஸ் சந்தையில் பிராட்காம், ஏதெராஸ் போன்றவை முன்னால் இருந்தன. ஸ்டிக்கர் வேண்டும் என்றால் இன்டெல் கார்டைத்தான் போட வேண்டும் என்று சொன்னதும், லேப்டாப் நிறுவனங்களின் கணக்கு மாறியது.

இதில் ஒரு சிக்கல். அந்த முதல் சென்ட்ரினோ கார்டான ‘ப்ரோ வயர்லெஸ் 2100’ நொடிக்கு 11 மெகாபிட் தரும் 802.11பி மட்டுமே தெரிந்த கார்டு. அதே 2003 ஜூனில் 54 மெகாபிட் தரும் 802.11ஜி தரநிலை இறுதியானது. தரநிலை முடியும் முன்பே அதன் அடிப்படையிலான சாதனங்கள் கடைக்கு வந்துவிட்டன. அதாவது புத்தம் புது லேப்டாப், ஆனால் உள்ளே வந்த சில மாதங்களிலேயே பழசாகிப்போன கார்டு.

நல்ல வேளையாக அந்தக் கார்டு ‘மினி பிசிஐ’ என்ற பொது வடிவத்தில் இருந்தது. அடியில் ஒரு சின்ன மூடி; அதைத் திறந்தால் கார்டு. லேப்டாப்பின் வயர்லெஸ் கார்டை மாற்றும் பழக்கம் உலகம் முழுக்கப் பரவியது இந்தக் காலத்தில்தான். இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியைக் குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்ற விதிகள் 2005 ஜனவரியில் வந்தன.

சாமி வரம் கொடுத்தாலும்...

இங்கேதான் கதையில் திருப்பம். ஐபிஎம் திங்க்பேட் வைத்திருந்தவர்கள் பலர் புது கார்டை மாட்டி லேப்டாப்பை ஆன் செய்தபோது, கறுப்புத் திரையில் 1802 என்ற பிழை எண் வந்தது. அனுமதி இல்லாத நெட்வொர்க் கார்டு செருகப்பட்டிருக்கிறது, அணைத்துவிட்டு அதை எடுங்கள் என்பது அதன் சாரம். கார்டை எடுக்கும் வரை லேப்டாப் அதற்கு மேல் நகராது. எச்பி லேப்டாப்புகளில் இதே வேலையைச் செய்தது 104 என்ற எண். திங்க்பேட் தொழில் 2005-இல் லெனோவோவின் கைக்குப் போன பிறகும் இந்த வழக்கம் பல வருடங்கள் தொடர்ந்தது.

இது எப்படி வேலை செய்தது? ஒவ்வொரு கார்டிலும் தயாரிப்பாளர் எண், சாதன எண், அதற்கு மேல் யாருக்காகத் தயாரித்தது என்று காட்டும் ஒரு துணை எண் என்று சில எண்கள் பதிந்திருக்கும். லேப்டாப் உயிர் பெறும்போது முதலில் ஓடும் பயாஸ் மென்பொருள் அந்த எண்களைப் படித்து, தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடும். பட்டியலில் இருந்தால் உள்ளே விடும், இல்லையென்றால் கதவு மூடல். துணை எண்ணையும் சேர்த்துப் பார்த்ததால், அதே இன்டெல் சிப் கொண்ட அதே கார்டாக இருந்தாலும், லேப்டாப் நிறுவனத்தின் பெயரில் வந்தால் அனுமதி, கடையில் தனியாக வாங்கினால் மறுப்பு என்ற நிலை உருவானது.

விண்டோஸுக்கு ஆட்சேபணை இல்லை. கார்டுக்கு ஆட்சேபணை இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, இங்கே பூசாரி பயாஸ்!

நிறுவனங்கள் சொன்ன காரணம் ரேடியோ விதிகள். உள்ளே இருக்கும் கார்டு லேப்டாப்பின் ஆன்டெனாவோடு சேர்ந்துதான் ஒலிபரப்புகிறது. எந்தக் கார்டு எந்த ஆன்டெனாவோடு சோதிக்கப்பட்டதோ, அந்தச் சேர்க்கைக்குத்தான் சான்று. வேறு கார்டு போட்டால் சான்று பெறாத சாதனம் ஆகிவிடும் என்றார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அதே திங்க்பேடின் பக்கவாட்டுப் பிளவில் எந்தப் பிசி கார்டைச் செருகினாலும் பயாஸ் வாயைத் திறக்காது. அதில் ஆன்டெனா கார்டிலேயே இருக்கிறது, சான்றும் தனியாக இருக்கிறது. ஆக, ஐபுக் காலத்தில் கார்டையும் ஆன்டெனாவையும் பிரித்ததன் விலை இங்கே தெரிந்தது.

ஆனால் எதிர்க்கேள்வியும் வலுவானது. அதே சட்டத்தின் கீழ், அதே நாட்டில், இப்படிப் பூட்டு போடாமல் லேப்டாப் விற்ற நிறுவனங்களும் இருந்தன. சட்டம் கட்டாயப்படுத்தியிருந்தால் எல்லோருமே பூட்டியிருக்க வேண்டுமே? பூட்டினால் கிடைக்கும் லாபமும் வெளிப்படை: மாற்றுக் கார்டையும் அந்த நிறுவனத்திடமே வாங்க வேண்டும். விதியைக் காக்க வந்த பூட்டு, வியாபாரத்தையும் சேர்த்துக் காத்தது.

பூட்டு இருந்தால் சாவி செய்பவர்களும் வருவார்கள். சில பழைய திங்க்பேடுகளில் சிஎம்ஓஎஸ் நினைவகத்தில் ஒரே ஒரு பிட்டை மாற்றினால் 1802 பிழை மறைந்துவிடும் என்று கண்டுபிடித்து, அதற்கென்றே ஒரு சின்ன புரோகிராமை எழுதி இணையத்தில் விட்டார்கள். பயாஸையே திருத்தி எழுதியவர்களும் உண்டு. ஆனால் அது கத்தி மேல் நடக்கும் வேலை; தவறினால் லேப்டாப் மொத்தமும் போய்விடும்.

இதில் அதிகம் அடிபட்டவர்கள் லினக்ஸ் பயனர்கள். பிராட்காம் அப்போது லினக்ஸுக்குத் திறந்த டிரைவர் கொடுக்கவில்லை. வெளியாட்கள் கார்டின் நடத்தையைக் கவனித்துக் கவனித்துத் தாங்களே டிரைவர் எழுத வேண்டியிருந்தது. அந்த நிறுவனம் திறந்த டிரைவரை வெளியிட்டது 2010-இல்தான். அதுவரை சுலபமான வழி கார்டை மாற்றுவது. அந்த வழியிலும் பூட்டு! 2013-இல் சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை முதன்முதலாகச் சான்றளித்த லேப்டாப், ஒரு பழைய திங்க்பேட் எக்ஸ்60. அதன் பயாஸையும் மாற்றி, வயர்லெஸ் கார்டையும் மாற்றிய பிறகுதான் அந்தச் சான்று கிடைத்தது.

1.99 டாலர் விவகாரம்

இந்தக் கதையில் கணக்கியல் படிப்பவர்கள் தவறவிடக் கூடாத ஓர் அத்தியாயம் 2007-இல் நடந்தது.

2006-இன் பிற்பகுதியில் ஆப்பிள் விற்ற பல மேக் கணினிகளுக்குள் 802.11என் என்ற அடுத்த தலைமுறைக்கான கார்டு ஏற்கெனவே இருந்தது. ஆனால் அந்த வசதி தூங்கிக்கொண்டிருந்தது, விளம்பரத்திலும் சொல்லப்படவில்லை. 2007 தொடக்கத்தில் அதை எழுப்பும் மென்பொருளை ஆப்பிள் வெளியிட்டது. விலை 1.99 டாலர். திருகைத் தொடாமல், கார்டை மாற்றாமல், காசு கொடுத்தால் கார்டு மேம்படும்!

ஏன் இலவசமாகக் கொடுக்கவில்லை? ஆப்பிள் காட்டியது கணக்கியல் விதியை. ஒரு பொருளை விற்ற அன்றே முழு வருமானத்தையும் கணக்கில் எழுதியாகிவிட்டது. பிறகு முக்கியமான புது வசதி ஒன்றை இலவசமாகக் கொடுத்தால், "விற்ற அன்று பொருள் முழுமையாக ஒப்படைக்கப்படவில்லை, ஆகவே வருமானத்தின் ஒரு பகுதியைத் தள்ளித்தான் எழுதியிருக்க வேண்டும்" என்ற கேள்வி எழும். ஒரு பெயரளவு விலை வைத்துவிட்டால் அது தனி விற்பனை ஆகிவிடும், சிக்கல் தீரும். கட்டணம் வாங்கு என்று எந்த விதியும் சொல்லவில்லை, வருமானத்தை எப்போது பதிவது என்றுதான் விதி சொல்கிறது என்ற மறுப்பும் அப்போதே எழுந்தது. 2009-இல் அமெரிக்கக் கணக்கியல் தர வாரியம் இந்த விதிகளைத் தளர்த்தியது.

தொகை சின்னது. ஆனால் கொள்கை பெரியது. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்குள் ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பயன்படுத்த மறுபடியும் அனுமதி வாங்க வேண்டும் என்பது லேப்டாப் உலகில் அப்போது புதுசு.

ஒரே வடிவம், வேறு மொழி

கார்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. மினி பிசிஐ போய் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் வந்தது. அதிலும் பாதி அளவு வந்தது. பிறகு 22க்கு 30 மில்லிமீட்டர் அளவில் எம்.2 வந்தது. பார்வைக்கு எல்லா எம்.2 வயர்லெஸ் கார்டுகளும் ஒரே மாதிரிதான்.

ஆனால் 2017 முதல் இன்டெல் ‘சிஎன்விஐ’ என்ற முறையைக் கொண்டுவந்தது. வயர்லெஸ் வேலையின் பெரும் பகுதியை பிராசஸர் அல்லது சிப்செட்டுக்குள் நகர்த்திவிட்டு, ரேடியோ பகுதியை மட்டும் கார்டில் வைத்தது. கார்டின் செலவு குறைந்தது. பதிலுக்கு, அந்தக் கார்டு அந்த வசதி உள்ள இன்டெல் கணினிகளில் மட்டும்தான் பேசும். ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 என்ற இரண்டு வைஃபை 6 கார்டுகளை எடுத்துக்கொள்ளலாம். எண்ணில் ஒன்றுதான் வித்தியாசம். முதலாவது வழக்கமான பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்டு, ஏஎம்டி லேப்டாப்பிலும் வேலை செய்யும். இரண்டாவது சிஎன்விஐ கார்டு, ஏஎம்டி லேப்டாப்பில் உயிரே இல்லாமல் கிடக்கும். விவரம் தெரியாமல் வாங்கினால் காசு போச்சு.

இது திட்டமிட்ட பூட்டு இல்லை. செலவைக் குறைக்கும் வடிவமைப்பு. ஆனாலும் விளைவு ஒன்றுதான்.

ஈயம் வைத்து ஒட்டியாகிவிட்டது

கடைசிக் கட்டம் எளிமையானது. கார்டே இல்லை. 2016 மேக்புக் ப்ரோ போன்ற ஆப்பிளின் லேப்டாப்புகளில் வைஃபை சிப் மதர்போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. மற்ற நிறுவனங்களின் மெல்லிய லேப்டாப்புகள் பலவும் இதே வழிக்கு வந்தன. சொல்லப்படும் காரணம் தடிமன். சாக்கெட், திருகு, கார்டு எல்லாம் சேர்ந்து சில மில்லிமீட்டர் இடம் பிடிக்கும். அதை மிச்சப்படுத்தலாம், பொருத்தும் செலவும் குறையும்.

இதிலும் உண்மை உண்டு. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். வைஃபை தலைமுறைகள் வந்த வருடங்கள்: 1999, 2003, 2009, 2013, 2019, 2024. ஏறத்தாழ ஐந்து வருடத்துக்கு ஒன்று. எஸ்எஸ்டியும் மெமரியும் நன்றாக இருந்தால் ஒரு லேப்டாப் அதைவிட அதிக காலம் உழைக்கும். ஆக, லேப்டாப்பின் மற்ற பாகங்களைவிடச் சீக்கிரம் பழசாகும் பாகங்களில் ஒன்று வயர்லெஸ் கார்டு. சிப் பழுதானாலும் இதே நிலைதான். தனிக் கார்டாக இருந்தால் கார்டை மட்டும் மாற்றலாம். சால்டர் செய்திருந்தால் மதர்போர்டு மாற்ற வேண்டும், அல்லது பக்கவாட்டில் ஒரு யூஎஸ்பி டாங்கிள் செருகிக்கொண்டு காலத்தை ஓட்ட வேண்டும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

இந்தியாவில் கம்பெனி கணக்குகளுக்கு ஒரு விதி உண்டு. 2013 கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாவது அட்டவணைப்படி, ஒரு சொத்தின் ஏதாவது ஒரு பாகம் விலையில் குறிப்பிடத்தக்கதாக இருந்து, அதன் ஆயுளும் வேறாக இருந்தால், அந்தப் பாகத்துக்குத் தேய்மானத்தைத் தனியாகக் கணக்கிட வேண்டும். வயர்லெஸ் கார்டின் விலை அற்பமானது. எந்த ஆடிட்டரும் அதைத் தனியாக எழுதச் சொல்ல மாட்டார். ஆனால் விதிக்குள் இருக்கும் நியாயம் இங்கேயும் பொருந்தும். வெவ்வேறு ஆயுள் கொண்ட பாகங்களை ஒரே பொருளாக நினைத்தால் கணக்கு தப்பாகும். சால்டர் செய்த லேப்டாப் அந்தத் தப்புக் கணக்கை உலோகத்தில் எழுதி வைக்கிறது. எல்லாப் பாகங்களின் ஆயுளையும், அவற்றில் மிகக் குறைந்த ஆயுள் கொண்ட பாகத்தோடு கட்டிப் போடுகிறது.

மாற்ற நினைப்பவர்கள் கவனிக்க வேண்டியவை

எல்லா வாசலும் மூடிவிடவில்லை. எம்.2 சாக்கெட் உள்ள லேப்டாப்புகள் நிறைய இருக்கின்றன. 2021-இல் வந்த ஃபிரேம்வொர்க் லேப்டாப் எல்லாப் பாகங்களையும் மாற்றலாம் என்பதையே விற்பனைப் புள்ளியாக வைத்து வந்தது. அதன் வயர்லெஸ் கார்டும் சாக்கெட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது.

கார்டு வாங்கும் முன் நான்கு விஷயங்களைச் சரிபார்த்தால் போதும். ஒன்று, கார்டு சாக்கெட்டில் இருக்கிறதா, சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா. லேப்டாப் நிறுவனத்தின் சர்வீஸ் கையேட்டில் இது இருக்கும். இரண்டு, சாக்கெட்டின் வகை என்ன, சிஎன்விஐயா, சாதாரண பிசிஐ எக்ஸ்பிரஸா. மூன்று, பழைய லேப்டாப் என்றால் பயாஸில் அனுமதிப் பட்டியல் உண்டா. நான்கு, வீட்டிலிருக்கும் ரூட்டர் புது கார்டின் வேகத்துக்கு ஈடு கொடுக்குமா. ரூட்டர் பழசாக இருந்தால் கார்டை மாற்றிப் பெரிய பயன் இல்லை.

திறக்கும் முன் லேப்டாப்பை முழுவதும் அணைத்து, முடிந்தால் பேட்டரி இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். ஆன்டெனா வயரை நேராக மேலே தூக்க வேண்டும், பக்கவாட்டில் இழுக்கக் கூடாது. அந்தக் குட்டி இணைப்பு வகைகள் சுமார் 30 தடவை மாட்டிக் கழற்றத்தான் வடிவமைக்கப்பட்டவை. எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று ஒரு போட்டோ எடுத்து வைத்தால் நல்லது.

1985-இல் அலைவரிசையைத் திறந்துவிட்டார்கள். 1997-இல் தரநிலையைப் பொதுவாக்கினார்கள். இந்த இரண்டு திறப்பும் இல்லையென்றால் வைஃபை என்ற சந்தையே இல்லை. அந்தத் திறப்பால் வளர்ந்த தொழில், வளர்ந்த பிறகு தன் பங்குக்கு ஒவ்வொரு கதவாகச் சாத்தியது: ஒரு முறை ரேடியோ விதி, ஒரு முறை கணக்கியல் விதி, ஒரு முறை செலவு, ஒரு முறை தடிமன். காரணங்கள் பொய்யில்லை. ஆனால் நான்கு காரணங்களும் ஒரே பக்கத்துக்குச் சாதகமாகவே முடிந்தன.

அடுத்த லேப்டாப் வாங்கும்போது எவ்வளவு மெமரி, எந்த பிராசஸர் என்று கேட்பது வழக்கம். கூடவே இன்னொரு கேள்வியையும் கேட்டு வைக்கலாம்: "இதில் வயர்லெஸ் கார்டை மாற்ற முடியுமா?" கடைக்காரருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். ஆனால் பத்துப் பேர் கேட்டால், பதினோராவது ஆள் வரும்போது அவர் தெரிந்து வைத்திருப்பார். வாங்குபவர்கள் கேட்காத எதையும் எந்தச் சந்தையும் தானாகக் கொடுத்ததில்லை.